கழுத்தில் டயாலிசிஸ் குழாயா? காய்ச்சலை மறைக்காதீர்கள்!

ஆடி பிறந்தால் சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடப்பவர்கள் வரிசை கட்டிவிடுவார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அதில் உண்டு. வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. ஆடிக் கடைசி வெள்ளி முடிந்து பல வாரம் கழித்து, எங்களிடம் மூச்சிரைக்க வருகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. "காய்ச்சல் எப்போதிருந்து?" என்றால், "திருவிழாவுக்கு முந்தியே இருந்துச்சு டாக்டர்" என்கிறார்கள். அதற்குள் இதய வால்வைக் கிருமி அரித்திருக்கும்.

கிருமிக்குத் திறந்த வழி

தோலில் சாதுவாக இருக்கும் ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி, கழுத்துக் குழாய் வழியே ரத்தத்தில் இறங்கினால் வால்வில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வால்வில் சுண்ணாம்பு படிந்திருப்பதும் அதற்கு வசதி. அங்கே வளரும் கிருமித் திட்டில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இப்படியெல்லாம் சொல்கிறார்கள்

"மெஷின் குளிர்ச்சி, அதான் நடுங்குது." குழாயில் தங்கிய கிருமி ரத்தத்தில் கலப்பதும் மெஷின் ஓடும் அந்த நேரத்தில்தான். போர்வை கேட்பதற்கு முன் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

"உடம்பு சுடவே இல்லையே." டயாலிசிஸ் நோயாளிக்குத் தொற்று இருந்தும் சூடு ஏறாமல் போகலாம். காரணமில்லாத சோர்வும் முதுகுவலியும்கூட அறிகுறிதான்.

"அம்மா வந்திருக்கா." தோலில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் வேப்பிலை செருகி, மாத்திரையை நிறுத்தி, டயாலிசிஸுக்கும் அனுப்பாமல் வைத்துவிடுகிறார்கள். வால்வுத் தொற்றிலும் அப்படிப் புள்ளிகள் வரும். அம்மையே என்றாலும் டயாலிசிஸை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து.

"மஞ்சளும் திருநீறும் வச்சா ஆறிடும்." குழாய் வாயில் எதையும் பூசாதீர்கள், சாமி!

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது மெடிக்கலில் வாங்கும் ரெண்டு நாள் ஆன்டிபயாடிக்கைப் பார்த்துத்தான். காய்ச்சல் அடங்கும், கிருமி சாகாது. பிறகு ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தால் பல நேரம் எந்தக் கிருமி என்றே தெரியாது. எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நாங்கள் குருட்டாம்போக்கில் ஊசி போட வேண்டியிருக்கிறது.

பரிசோதனை, சிகிச்சை

ஆன்டிபயாடிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சர், பிறகு இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். பெரும்பாலும் குழாயை எடுக்க வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் நரம்பில் மருந்து. சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டிவரும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கை ரத்தக்குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) போடச் சொன்னால், "கையில கத்தி வச்சா பட்டாசு வேலைக்குப் போக முடியாதே" என்று தள்ளிப்போடாதீர்கள். குழாயைவிட ஃபிஸ்டுலாவில் தொற்று மிகக் குறைவு. அது பயன்படுத்தத் தயாராக ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம் என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறோம். போட்ட பிறகு அந்தக் கையில் தீச்சட்டி ஏந்த வேண்டாம். குழாயோடு வைப்பாற்றில் முங்கவும் வேண்டாம். தலையில் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளித்தால் ஆத்தா ஏற்றுக்கொள்ள மாட்டாளா?

நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கோ அன்றைக்கே கிளம்புங்கள். ராத்திரி ஆனாலும் வாருங்கள். வழியில் மெடிக்கலில் மட்டும் நிற்காதீர்கள்.