கூரான கிக்கி, உருண்ட பூபா

இரண்டு படங்கள். ஒன்றில் எல்லாம் வளைவு. மற்றதில் எல்லாம் கூர்முனை. இவற்றில் எது ‘பூபா’, எது ‘கிக்கி’ என்று கேளுங்கள். இரண்டுமே பொருளில்லாச் சொற்கள். ஆனாலும் பெரும்பாலோர் தயங்காமல் கூர்முனைப் படத்தைக் ‘கிக்கி’ என்பார்கள்.

1929-இல் ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் வேறு இரு சொற்களை வைத்து இதை எழுதினார். 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களோடு, இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டதாக எழுதினார்கள். 95 சதவீதம் பேர் ஒரே விடை.

ஆங்கில எழுத்தின் வேலை இது என்று உடனே ஓர் ஐயம் எழும். ‘கே’ கோணலும் கூருமானது, ‘பி’ உப்பிய வடிவம். நியாயமான ஐயம்தான். கோவையிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாரைக் கடக்கும்போது பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். தமிழ் ‘ப’ மூன்று நேர்கோடுகள், இரண்டு மூலைகள். உருண்டைத்தனம் கொஞ்சமும் இல்லை. மலையாளத்திலோ ‘கிக்கி’ என்று எழுதினால் முழுக்கச் சுழிதான். எழுத்துதான் தீர்மானிக்கிறது என்றால் இந்த எல்லையில் விடை தலைகீழாக வேண்டும்.

25 மொழிகளில், 10 எழுத்துமுறைகளில், 917 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. சுமார் 72 சதவீதம் பேர் எதிர்பார்த்தபடியே பொருத்தினார்கள். வேறோர் ஆய்வில் நமீபியாவின் ஹிம்பா மக்களும் அப்படியே பொருத்தினார்கள். அவர்களுக்கு எழுத்து மரபே கிடையாது.

அப்படியானால் காரணம் வாயிலும் காதிலும்தான் இருக்க வேண்டும். ‘பூ’ என்னும்போது உதடு குவிகிறது, ஒலி தாழ்ந்து வழுக்கிப் போகிறது. ‘க்கி’ என்னும்போது அடிநாக்கு மூச்சை அடைத்துச் சட்டென்று விடுகிறது, உதடு விரிகிறது, ஒலி மேலே எகிறுகிறது. பொருள்களும் இப்படித்தான் என்கிறது 2022-இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு: உருண்டையானது தாழ்ந்த, தொடர்ந்த ஓசையோடு உருளும், முனையுள்ளது விட்டுவிட்டு, உயர்ந்த ஓசை எழுப்பும். பிறந்தது முதல் கேட்டுப் பழகிய காது வடிவையும் ஓசையையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இந்த விளக்கமே எனக்கு அதிகம் பிடிபடுகிறது. நம் இலக்கணம் மெய்களை வல்லினம், மெல்லினம் என்று தொட்டுப் பார்த்துப் பிரித்ததும் இந்த உணர்வின் பக்கம்தான்.

ஆனால் சொல் கேட்பவர் மொழியின் வாய்க்குப் பொருந்த வேண்டும். நேபாளத்தின் ஸ்யூபா மொழியினரிடம் இந்தச் சோதனை பலிக்கவில்லை. அந்தச் சொற்களின் ஒலியமைப்பு அவர்கள் மொழியில் இல்லாதது என்பதே ஆய்வாளர்கள் 2017-இல் சொன்ன காரணம். தமிழில் ‘கிகி’ என்று எழுதினால் நடுவில் உள்ள ககரம் தளர்ந்து ‘கிஹி’ போல ஆகிவிடும், கூர் போய்விடும். அதனால்தான் இங்கே கேட்கும்போது ‘க்’ இரட்டித்தே கேட்க வேண்டும். அதுவும் எழுதிக் காட்டாமல், வாயால் சொல்லி.