லஹைனாவில் சைரன் ஒலிக்கவில்லை

ஹவாய் என்றதும் நீலக் கடலும் உல்லாசப் பயணிகளுமே நம் நினைவுக்கு வருவர். அத்தீவுக் கூட்டத்தில் மாவி என்னும் தீவின் மேற்குக் கரையில் இருந்த பழைய நகரம் லஹைனா. 2023 ஓகஸ்ட் 8 ஆம் திகதி பிற்பகல், சில மணித்தியாலங்களுக்குள் அந்நகரம் எரிந்து போனது. 102 பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. கடலோரத்தில் உள்ள ஓர் ஊர் காட்டுத்தீயில் அழிவது எப்படி என்று கேட்கத் தோன்றும்.

அங்கே எரிந்தது பெருங்காடல்ல, புல். லஹைனாவின் மேட்டு நிலமெல்லாம் நூறாண்டுக்கு மேலாகக் கரும்புத் தோட்டமாக இருந்தது. 1999 இல் அங்கிருந்த சீனி ஆலை மூடப்பட்டதும் தோட்டங்கள் கைவிடப்பட்டன. ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனமாகக் கொண்டுவரப்பட்ட கினிப்புல் அந்நிலத்தை மூடிக்கொண்டது. நம் நாட்டிலும் வீதியோரங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்பது இதே புல்தான். மழை பெய்தால் மளமளவென்று வளரும், வெயில் வந்தால் சருகாகும். அன்றைய தினம் டோரா என்ற சூறாவளி தீவுகளுக்குத் தெற்கே வெகு தூரத்தில் சென்றுகொண்டிருந்தது. வடக்கே இருந்த உயரமுக்கமும் சேர்ந்து கடுங்காற்றைத் தள்ளிவிட்டது. மின்கம்பங்கள் சரிந்தன. காலையில் அறுந்த மின்கம்பியால் மூண்ட தீயை அணைத்துவிட்டதாக எண்ணித் தீயணைப்புப் படையினர் சென்ற பின்னர், பிற்பகல் மூன்று மணியளவில் அதே இடத்திலிருந்து தீ மீண்டும் கிளம்பியது.

தீ எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்வார்கள். இறந்தவர்களின் விபரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெரும்பாலானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதிக உயிரிழப்பு நேர்ந்த இடங்களுள் ஒன்று குஹுவா கேம்ப். பெயரிலேயே தெரிகிறது, அது ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு. ஒடுக்கமான ஒழுங்கைகள், மறுபக்கம் வெளியேற வழியில்லாத முடுக்குகள், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை. கரும்புத் தோட்ட வேலைக்காக பிலிப்பைன்ஸிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினர் லஹைனாவில் பெருந்தொகையாக வாழ்ந்தனர். பின்னர் ஹோட்டல் வேலைக்கு வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். இலொகானோ, தகலொக் மொழிகளே அவர்களது வீட்டு மொழிகள். நம் மலையகத் தோட்டங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இக்கதை புதிதாக இராது.

இனி சைரனுக்கு வருவோம். மாவி தீவில் சுமார் 80 சைரன்கள் உள்ளன. அன்று ஒன்றுகூட ஒலிக்கவில்லை. சைரன் என்றால் சுனாமி என்றே மக்கள் பழகியிருக்கிறார்கள், ஒலித்தால் மலைப்பக்கம் ஓடித் தீக்குள் போயிருப்பார்கள் என்று பொறுப்பதிகாரி பின்னர் விளக்கம் சொன்னார். அவ்விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆனால் அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது: எந்த ஒலிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காவிட்டால், எச்சரிக்கைக் கருவி இருந்தும் பயனில்லை. கைபேசிக்கு அனுப்பிய எச்சரிக்கையும் மின்சாரமும் அலைவரிசையும் இல்லாததால் பலரைச் சென்றடையவில்லை. கடற்கரை வீதியில் வாகனங்கள் நெரிந்து நிற்க, சிலர் கடலில் குதித்து மணிக்கணக்காக மிதந்து உயிர் தப்பினர். இத்தனைக்கும் மேற்கு மாவிக்கான தீத்தடுப்புத் திட்டம் 2014 இலேயே எழுதப்பட்டிருந்தது. லஹைனா பெரும் ஆபத்தில் உள்ளதாக அதில் சொல்லப்பட்டுமிருந்தது.

திட்டம் காகிதத்தை விட்டு இறங்கிய இடம் ஒன்றும் உண்டு. போர்த்துக்கல்லின் உட்பகுதிக் கிராமங்களில் இளையோர் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்களே மிஞ்சியிருக்கின்றனர். 2017 ஜூன் மாதம் பெட்ரோகாவ் கிராண்டே பகுதியில் மூண்ட தீயில் 66 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் தப்பியோடும் வழியில் வீதியிலேயே சிக்கிக்கொண்டவர்கள். மறு ஆண்டு அந்நாட்டில் ‘பாதுகாப்பான கிராமம், பாதுகாப்பான மக்கள்’ என்ற திட்டம் தொடங்கியது. பெரிய செலவு எதுவும் இல்லை. ஒவ்வொரு கிராமத்திலும் அங்கேயே வசிக்கும் ஒருவர் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். யார் நடக்க முடியாதவர், யாருக்குக் காது கேளாது, யாரிடம் வாகனம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஓட நேரமில்லாவிட்டால் ஒதுங்குவதற்கு ஒரு மண்டபமோ வெட்டவெளியோ முன்னரே குறிக்கப்படுகிறது. அங்கு செல்லும் வழிக்குப் பலகை நாட்டி, ஒத்திகையும் பார்க்கிறார்கள்.

வீட்டைக் காக்கும் முறையும் நாம் நினைப்பது போன்றதல்ல. பெரும்பாலான வீடுகள் தீச்சுவாலை நேரடியாகப் பட்டு எரிவதில்லை. காற்று அள்ளிவரும் தணல் பீலியிலுள்ள சருகிலோ சுவரோரம் அடுக்கிய விறகிலோ விழுந்து பற்றுகிறது. ஆகவே சுவரைச் சுற்றி ஒன்றரை மீற்றர் அளவுக்கு எரியக்கூடிய எதையும் வைக்காதிருப்பதும், கூரையைக் கூட்டித் துப்புரவாக வைப்பதும், காற்றுத் துவாரங்களுக்கு நெருக்கமான கம்பிவலை அடிப்பதும் பெரும் பயன் தரும். எழுபது வயதுப் பெண் கூரையில் ஏறிச் சருகு அள்ள முடியாது, வாடகைக்கு இருப்பவர் கூரையை மாற்றவும் முடியாது. எனவேதான் அயலவர் கூடிச் செய்யும் சிரமதானம் போன்ற வேலை இதில் முக்கியமாகிறது. ஹவாயில் சில இடங்களில் ஆடுகளையும் செம்மறிகளையும் விட்டுப் புல்லை மேயச் செய்கிறார்கள். இதைச் செய்ய எந்த இயந்திரமும் வேண்டியதில்லை!

நம் நாட்டில் எல்ல, வெலிமடைப் பக்கத்து மலைச்சரிவுகளில் வறட்சிக் காலத்தில் மானாப்புல் எரிவதுண்டு. கரையோரத்தில் இருக்கும் நமக்கு அது தூரத்துச் செய்தி. இங்கே 2004 சுனாமிக்குப் பிறகு எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது மூத்தம்மாவிடம் கேட்டேன்.

“மூத்தம்மா, சைரன் கேட்டா என்ன செய்வீங்க?”

“வேற என்ன மகள், கடல் வருது எண்டு வயல் பக்கம் ஓடுறதுதான்.”

வயலில் அறுவடை முடிந்து வைக்கோல் காய்ந்து கிடந்தது.