மைதானத்தில் இருந்தும் ஆட்டத்தைக் காணாதவர்கள்

கொக்குவிலிலோ அதனை அண்டிய கிராமங்களிலோ உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடைபெறும் நாளில் மைதானத்துக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்படுவதில்லை. பனைகளுக்கு மேலாக மிதந்துவரும் ஒலிபெருக்கிக் குரலே வழிகாட்டிவிடும். யாழ். குடாநாட்டின் கழக மைதானங்களில் நேர்முக வர்ணனை என்பது ஆட்டத்தோடு கூடப் பிறந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கே அவர்கள் பார்க்கின்ற ஆட்டத்தை எடுத்துச் சொல்லும் இந்த வழக்கம் வெளியூரிலிருந்து வருபவருக்கு விந்தையாகத் தோன்றலாம். எமக்கோ வர்ணனை இல்லாத இறுதியாட்டம் மேளம் இல்லாத திருவிழாவாகவே படும்.

அண்மையில் அத்தகைய போட்டியொன்றின்போது, ஒலிபெருக்கி கட்டப்பட்டிருந்த கம்பத்தின் கீழேயே கதிரை போட்டு அமர்ந்திருந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். காதைப் பிளக்கும் அந்த இடத்தில் ஏன் இருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டோம். “எனக்குக் கண் தெரியாது தம்பி. இவர் சொல்லுறதைக் கேட்டுத்தான் நான் மட்ச் பாக்கிறன். ஆனா பந்து எந்தப் பக்கம் நிக்குதெண்டு மட்டும் இவர் சொல்லுறாரில்லை” என்றார்.

அவர் அருகில் நின்று நாமும் சிறிது நேரம் கண்களை மூடிக்கொண்டு கேட்டோம். வெற்றிக் கிண்ணத்தை அன்பளிப்புச் செய்த வர்த்தகரின் பெயர் மும்முறை ஒலித்தது. வழியை மறித்து நிற்கும் மோட்டார் சைக்கிளை அகற்றுமாறு ஓர் அறிவித்தல் வந்தது. ‘அருமையான பந்துப் பரிமாற்றம்’ என்றார் அறிவிப்பாளர். யார் யாருக்குக் கொடுத்தார், எங்கே வைத்துக் கொடுத்தார் என்பது சொல்லப்படவில்லை. திடீரெனக் கூட்டம் ஆர்ப்பரித்தது. கோல் விழுந்துவிட்டது என்பது விளங்கியது; எந்த அணிக்கு என்பது விளங்குவதற்கு மேலும் அரை நிமிடம் சென்றது.

ஆட்டத்தை நேரில் காண வந்தவர் அதனை மேலும் நன்றாக அறிந்துகொள்ள உதவும் கருவிகள் இரண்டு. ஒன்று ‘பைனாகுலர்’ என்று நாம் வழங்கும் இருகண் தொலைநோக்கி. மற்றையது காதோடு வைத்துக் கேட்கும் வானொலி. இரண்டும் எமது மண்ணில் ஒரு காலத்தில் கிடைத்தற்கரியனவாக இருந்தன. போர்க்காலத்தில் தொலைநோக்கியை விளையாட்டுப் பொருளாக எவரும் கருதவில்லை. அது இராணுவப் பொருளாகவே பார்க்கப்பட்டது. அதனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்துக்குச் செல்ல எவரும் துணியார். வானொலிக்கு வேண்டிய பற்றரிகளோ 1990 க்குப் பின்னர் வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை இன்றும் எம்மிடையே உண்டு. 1994 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தின் முடிவுகளை இவ்வாறு அறிந்துகொண்டவர்கள் பலர். ஒருவர் மிதியைச் சுற்ற ஏனையோர் செவிமடுப்பர். சுற்றுபவர் களைத்தால் குரல் தேய்ந்துவிடும்.

இன்று இரண்டும் கடைகளில் கிடைக்கின்றன. ஆதலால் அவற்றின் பயனையும் எல்லையையும் அறிந்துகொள்ளல் நன்று.

தொலைநோக்கியின் உடலில் 8×42 என்றோ 10×25 என்றோ பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது எண் எத்தனை மடங்கு பெருப்பித்துக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். பெருக்கம் கூடினால் நல்லது என்று எண்ணுவது இயல்பே. உதைபந்தாட்டத்துக்கு அது பொருந்தாது. பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும்; கண்ணுக்குள் அடங்கும் பரப்பும் சுருங்கும். எட்டு மடங்கு பெருப்பிக்கும் தொலைநோக்கியால் நூறு மீற்றர் தொலைவில் நோக்கினால் ஏறத்தாழ 13 மீற்றர் அகலமான பகுதியே தெரியும். சர்வதேசப் போட்டிகள் பெரும்பாலும் 105 மீற்றர் நீள மைதானத்தில் ஆடப்படுகின்றன. ஆகவே தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தவர் பந்தை வைத்திருக்கும் ஒருவரையும் அவரை மறிக்கும் இருவரையும் மிகத் தெளிவாகக் காண்பார். மறுபக்க ஓரத்தால் ஓடிவரும் வீரரைக் காணமாட்டார். பந்து இல்லாத இடத்தில் நடப்பதே இந்த ஆட்டத்தின் பாதி. எனவே கோல்காப்பாளர் நிற்கும் முறையையோ, மூலை உதையின்போது நடக்கும் தள்ளுமுள்ளையோ ஊன்றிப் பார்ப்பதற்கு அதனைச் சில கணங்கள் எடுப்பதே அறிவுடைமை.

மாலைநேர ஆட்டங்களில் வேறு இரு விடயங்களும் உண்டு. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால் வருவது கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம். 8×42 இல் அது ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 10×25 இல் இரண்டரைதான். இருள் கவியும் வேளையில் கண்மணி விரிந்து கூடிய ஒளியை நாடும்போது, சட்டைப்பையில் அடங்கும் சிறிய தொலைநோக்கி மங்கலாகவே காட்டும். மற்றையது அபாயமானது. பின்னேர ஆட்டத்தில் மேற்கே தாழ்ந்து நிற்கும் சூரியன் தற்செயலாகவேனும் தொலைநோக்கிக்குள் அகப்பட்டால் விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். சிறுவர்களின் கையில் அதனைக் கொடுப்போர் அவர்களைக் கிழக்கு நோக்கி அமரச் செய்வது நல்லது.

உண்மையில் தொலைநோக்கியால் பெரும் பயன் பெறக்கூடியவர்கள் நல்ல கண் உள்ளவர்கள் அல்லர். முற்றாகப் பார்வை இழக்காமல், தூரத்தில் உள்ளதை மட்டும் பிரித்தறிய முடியாதிருப்பவர்களுக்கு நான்கு மடங்கு, ஆறு மடங்கு பெருப்பிக்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கிகளைப் பார்வைக்குறை மருத்துவ நிலையங்கள் உலகெங்கும் பரிந்துரைக்கின்றன. வகுப்பறையில் கரும்பலகையைப் பார்க்கவும் வீதியில் பஸ்ஸின் இலக்கத்தைப் பார்க்கவும் கொடுக்கப்படும் அதே கருவி மைதானத்திலும் உதவும்.

இனி வானொலி. அமெரிக்காவில் 1954 இல் முதலாவது திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்ததன் பின்னரே வானொலியை மைதானத்துக்குக் கையோடு கொண்டுசெல்வது சாதாரண மக்களுக்கு இயலுமாயிற்று. பிரேசில் மைதானங்களில் ஆட்டத்தைப் பார்த்தவாறே அதன் வர்ணனையைக் காதில் வைத்துக் கேட்பது ஒரு பண்பாடாகவே வளர்ந்தது. கண்ணால் கண்ட கோலையும் தமக்குப் பிடித்த அறிவிப்பாளர் நீட்டி முழக்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி. இத்தாலியிலோ நோக்கம் வேறு. 1960 இல் அந்நாட்டு வானொலி பல மைதானங்களை மாறி மாறித் தொடர்புபடுத்தும் நிகழ்ச்சியொன்றை ஆரம்பித்தது. தம் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே எதிரணிகளின் நிலவரத்தைக் காதால் அறிந்தனர் இரசிகர்கள். வேற்றிடத்துச் செய்தி பிழையாக வந்தால் நேர்வது யாது என்பதற்கு ஜேர்மனியில் 2001 மே 19 ஆந் திகதி நடந்தது சான்று. ஷால்க அணி தனது கடைசி ஆட்டத்தை 5 இற்கு 3 என வென்றது. ஹம்பேர்க்கில் பயர்ன் மியூனிக் தோற்று ஆட்டம் முடிந்துவிட்டது என்ற தவறான தகவல் பரவ, இரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கொண்டாடினர். ஹம்பேர்க்கில் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. மேலதிக நேரத்தில் பயர்ன் சமப்படுத்திக் கிண்ணத்தைப் பெற்றது. நான்கு நிமிடங்கள் மட்டும் சம்பியனாக இருந்த அணி என்று ஷால்க இன்றும் பேசப்படுகின்றது.

நேர்முக வர்ணனையின் தொடக்கத்துக்குச் சென்றால், கம்பத்தின் கீழ் அமர்ந்திருந்த எமது முதியவரை அங்கேயும் சந்திக்கலாம். பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி தனது முதலாவது நேரடி விளையாட்டு வர்ணனையை 1927 ஜனவரி 15 ஆந் திகதி, இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய றக்பி ஆட்டத்தின்போது வழங்கியது. அறிவிப்பாளராக அமர்த்தப்பட்டவர் முன்னாள் றக்பி வீரரான வேக்லம். எவ்வாறு பேசுவது என்பதற்கு அவருக்கு முன்மாதிரி எதுவும் இருக்கவில்லை. ஆதலால் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பார்வையற்ற ஒருவரை அறிவிப்பாளர் கூண்டுக்கு முன்னால் அமர்த்தி, அவருக்கு விளங்கும்படி சொன்னால் போதும் என்றார். அந்த மனிதர், முதலாம் உலகப்போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக அமைக்கப்பட்ட சென் டன்ஸ்ரன்ஸ் இல்லத்திலிருந்து வந்தவர்.

ஒரு வாரத்தின் பின், ஜனவரி 22 இல், ஆர்சனல் அணிக்கும் ஷெபீல்ட் யுனைற்றெட் அணிக்கும் இடையிலான உதைபந்தாட்டத்தை வேக்லம் வர்ணித்தார். ஆட்டம் 1 இற்கு 1 எனச் சமநிலையில் முடிந்தது. மைதானத்தை எட்டுச் சதுரங்களாகப் பிரித்து இலக்கமிட்ட வரைபடமொன்று வானொலிச் சஞ்சிகையில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்ல, இரண்டாவது குரல் ஒன்று பந்து இருக்கும் சதுரத்தின் இலக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் வரைபடத்தில் விரலை வைத்து ஆட்டத்தைப் பின்தொடர்ந்தனர். தொலைக்காட்சி வந்த பின்னர் பந்தின் இடத்தைச் சொல்லும் கட்டாயம் அறிவிப்பாளருக்கு இல்லாமற்போயிற்று. எமது ஒலிபெருக்கி வர்ணனையாளர்கள் பலரும் தொலைக்காட்சியைப் பார்த்தே இக்கலையைக் கற்றவர்கள். குறை அவர்களுடைய ஆர்வத்தில் இல்லை. கற்ற இடத்தில் உண்டு.

பார்வையற்ற பார்வையாளருக்கான தனி வர்ணனை இன்று உலகக் கால்பந்தின் ஒழுங்குகளுள் ஒன்றாகிவிட்டது. போலந்தும் உக்ரைனும் இணைந்து நடத்திய 2012 ஐரோப்பியக் கிண்ணத்தில் அது வழங்கப்பட்டது. 2014 இல் பிரேசில் உலகக் கிண்ணத்தின்போது சில மைதானங்களிலும், 2022 இல் கட்டாரில் அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் வழங்கப்பட்டது. இவ்வகை வர்ணனையில் பந்து எங்கே, யாரிடம், எத்திசை நோக்கி என்பவை இடையறாது வரும். வீரரின் உடல்மொழி, பயிற்றுநரின் முகபாவம், கூட்டம் எதற்காகச் சிரித்தது என்பனவும் சொல்லப்படும். புள்ளிவிபரங்களுக்கு இரண்டாம் இடமே.

போர் பலருடைய கண்களைப் பறித்த பூமி இது. நீரிழிவு விழித்திரையைத் தின்பதும் கூடிவருகின்றது. சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் பார்வையற்ற பிள்ளைகள் கற்கின்றார்கள். அவர்களுட் பலர் விளையாட்டில் தீவிர ஈடுபாடு உடையவர்கள். கிலுகிலுக்கும் பந்தோடு பார்வையற்றோர் ஆடும் ஐவர் உதைபந்தாட்டம் 2004 ஏதென்ஸ் முதல் பராலிம்பிக்கில் இடம்பெற்று வருகின்றது. அங்கே பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எமது இரசிகர்களால் அது இயலுமா என்பது வேறு கேள்வி.

இங்கே வேண்டியது பெருஞ்செலவு அன்று. மைதானத்துக்குள் மட்டும் கேட்கும் வானொலி அமைப்பதாயினும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்படும்; ஒரு சுற்றுப்போட்டிக்காக அத்தனை சிரமம் எடுக்கும் கழகத்தைக் காண்பது கடினம். கைத்தொலைபேசியின் குழு அழைப்பு போதும். ஆட்டத்தை நன்கு அறிந்த இளைஞர் ஒருவர் நடுக்கோட்டுக்கு நேரே அமர்ந்து பேச, கேட்க விரும்புவோர் காதொலிப்பானை மாட்டிக்கொள்ளலாம். முகநூலிலும் யூரியூப்பிலும் செல்லும் நேரலையை மைதானத்தில் இருப்பவர் கேட்பது பயன் தராது. அது பத்து, இருபது விநாடிகள், சிலவேளை அரை நிமிடமும் பிந்தியே வரும். கூட்டம் கோலுக்கு ஆர்ப்பரித்து ஓய்ந்த பின்னர் மூலை உதை எடுக்கப்படுவதாகக் காதில் விழும். தொலைபேசி அழைப்பின் தாமதம் ஒரு விநாடிக்கும் குறைவானதே.

அதற்கும் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருக்கின்ற ஒலிபெருக்கியிலேயே பந்தின் இடத்தைச் சொல்லலாம். 2016 இல் இந்திய உதவியோடு புனரமைத்துத் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கிலாயினும், சுற்றுமதிலே இல்லாத ஊர் மைதானத்திலாயினும் இது பொருந்தும். எட்டுச் சதுரமும் இலக்கமும் எமக்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஊரவர் வைத்த பெயர்கள் ஏற்கெனவே உண்டு: வீதிப்பக்கம், கோயிற்பக்கம், பனைப்பக்கம், பள்ளிக்கூடக் கோல். ‘வீதிப்பக்க ஓரம், நடுக்கோடு தாண்டி, ஒன்பதாம் இலக்கம், பள்ளிக்கூடக் கோலை நோக்கி’ என்று சொல்ல நான்கு விநாடிகள் போதும். அதே வர்ணனையை நேரலையில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கேட்கும் எம்மவர்களுக்கும், படம் தடைப்படும் வேளைகளில், ஆட்டம் கைவிட்டுப் போகாது.

அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களை அந்த முதியவருக்கு அருகிலிருந்து நாமே சொல்லிப் பார்த்தோம். எளிதாக இருக்கவில்லை. வீரர்களின் பெயர்கள் தெரியவில்லை. சொல் வருவதற்குள் பந்து போய்விட்டது. அவரோ இடையிடையே எம்மைத் திருத்தினார். பந்து உதைபட்ட ஓசையைக் கொண்டே அது பனைப்பக்கம் போயிருக்கும் என்று எமக்கு முன்னரே சொல்லிவிட்டு, “பிறகு?” என்று கேட்டார்.