கடல் கடந்த பார்சலும் கணக்குத் தெரியாத வரியும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரே நாளில் என் கைபேசிக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. கனடாவில் வசிக்கும் என் அக்கா அனுப்பியிருந்த பார்சலைப் பற்றியவையாகவே இரண்டும் தோன்றின. சுங்க வரியாக ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், அடையாள ஆவணத்தை அனுப்புங்கள் என்றது முதல் செய்தி. பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 49 ரூபாய் செலுத்தினால் விடுவிக்கப்படும் என்று ஓர் இணைப்பைக் கொடுத்தது இரண்டாவது.

ஐந்தாயிரம் கேட்டவர்களை மோசடிக்காரர்கள் என்று ஒதுக்கினேன். 49 ரூபாய் கேட்டவர்களுக்கு என் வங்கி அட்டையின் எண்ணைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அருகிலிருந்த மகள் கைபேசியைப் பிடுங்காமல் இருந்திருந்தால், ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று தெரியாது. முதல் செய்தி அனுப்பியது உண்மையான கூரியர் நிறுவனம். இரண்டாவதை அனுப்பியது மோசடிக் கும்பல்.

வங்கியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் நான். எனக்கே ஏன் இப்படி நேர்ந்தது என்று யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. வெளிநாட்டுப் பார்சலுக்கு என்ன வரி, அதை யார் வசூலிப்பார்கள், எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அறியாமைதான் மோசடிக்காரர்களின் முதலீடு.

உடன்பிறந்தவள் அனுப்பும் அன்பளிப்புக்கு வரி எதற்கு என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. ஒரு காலத்தில், 5,000 ரூபாய் வரை மதிப்புள்ள அன்பளிப்புகளுக்கு வரிவிலக்கு இருந்தது. வெளிநாட்டு இணைய வணிக நிறுவனங்கள் சில, வாடிக்கையாளர்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள்களையே 'அன்பளிப்பு' என்று குறிப்பிட்டு அனுப்பி இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தின. இதைத் தடுக்க, 2019 டிசம்பர் 12-ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் விதியை மாற்றியது. அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரியின்றிப் பொருள்களைப் பெற முடியாது என்றானது. உயிர் காக்கும் மருந்துகளும் ராக்கி கயிறும் மட்டுமே விதிவிலக்கு. மற்ற அன்பளிப்புகள் வரலாம். ஆனால், உரிய வரியைச் செலுத்த வேண்டும்.

அனுப்புபவர் கட்டும் கட்டணம், பொருளைக் கொண்டுவருவதற்கான கூலி மட்டுமே. இறக்குமதி வரி பொதுவாகப் பெறுபவரின் பொறுப்பு. இதை அறியாமல்தான், "நான்தான் எல்லாம் கட்டிவிட்டேனே" என்று அக்கா கனடாவிலிருந்து கோபித்துக்கொண்டார்.

அடுத்தது கணக்கு. வரி பொருளின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் மதிப்போடு சேரும். எளிய எண்களில் பார்ப்போம். பொருளின் விலை 8,000 ரூபாய், அனுப்பும் செலவு 2,000 ரூபாய் என்றால், வரிக்குரிய மதிப்பு 10,000 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,000 ரூபாய். அந்த வரியின் மீது சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், அதாவது 200 ரூபாய். இப்போது மொத்தம் 12,200 ரூபாய். இந்தத் தொகையின் மீதுதான் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி விதிக்கப்படும். 18 சதவீதம் எனில் 2,196 ரூபாய். ஆக, 8,000 ரூபாய் பொருளுக்கு வரி 4,396 ரூபாய். பொருளின் விலையில் பாதிக்கும் மேல்!

இந்த விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. பொருளுக்குப் பொருள் இவை வேறுபடும், பட்ஜெட்டில் மாறும், சிலவற்றுக்குக் கூடுதல் வரி கிடையாது. ஆனால், வரியின் மீது வரி ஏறும் இந்த அடுக்கு முறை மாறாது. தொகையைப் பார்த்ததும் நமக்கு ஏற்படும் அதிர்ச்சிக்குக் காரணம் இதுதான்.

வசூலிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. அஞ்சல் வழி வரும் பார்சல், சென்னை போன்ற நகரங்களில் உள்ள வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் சுங்க அதிகாரிகளால் மதிப்பிடப்படுகிறது. பொருளைத் தரும்போது அஞ்சல் துறை வரியைப் பெற்றுக்கொள்கிறது. கூரியர் நிறுவனமோ நம் சார்பில் சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்து, வரியைச் செலுத்திவிட்டுப் பிறகு நம்மிடம் வாங்குகிறது. அதனால்தான் ஆதார், கடவுச்சீட்டு போன்ற அடையாளம் கேட்கிறது. தன் சேவைக் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் சேர்த்துவிடுகிறது. என்னிடம் கேட்ட தொகை முழுவதும் வரி அல்ல என்பது, பிரித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. பார்சலின் மேல் ஒட்டும் படிவத்தில் அக்கா, 'அன்பளிப்புப் பொருள்கள், 200 டாலர்' என்று குத்துமதிப்பாக எழுதியிருந்தார். கடை ரசீதுகளைக் கூட்டினால் 140 டாலர்தான். ரசீதுகளை வாங்கி அடையாள ஆவணத்தோடு அனுப்பினேன். சுங்கத்தில் தாக்கல் செய்வதற்கு முன்பே அனுப்பியதால், அந்த மதிப்பின்படியே வரி கணக்கிடப்பட்டது; தொகையும் குறைந்தது. பொருள்களைத் தனித்தனியே பெயரிட்டு, உண்மையான விலையை எழுதி, ரசீதையும் உள்ளே வைக்குமாறு வெளிநாட்டு உறவினர்களிடம் சொல்லிவைப்பது நல்லது. அதே நேரம், வரிக்கு அஞ்சி மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லக் கூடாது. அது சட்டப்படி குற்றம், பொருளே பறிமுதலாகலாம்.

வரி தவறு என்று கருதினால் வழியில்லாமல் இல்லை. பணம் கட்டுவதற்கும் பார்சலைத் திறப்பதற்கும் முன்பே ரசீதுடன் எழுத்து மூலம் மறுமதிப்பீடு கேட்கலாம். சுங்க அதிகாரியின் உத்தரவு கிடைத்த 60 நாள்களுக்குள், 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பப் பெற 27-ஆவது பிரிவு ஓராண்டு அவகாசம் தருகிறது.

மோசடியை அடையாளம் காண்பதும் இந்த அறிவிலிருந்தே தொடங்குகிறது. தனிநபரின் வங்கிக் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்லிச் சுங்கத்துறை நம்மை அழைப்பதில்லை. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் இணையதளத்துக்கு நாமே சென்று பார்சல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். சுங்கத்துறையின் கடிதம், அழைப்பாணை போன்றவற்றில் 2019 நவம்பர் முதல் ஆவண அடையாள எண் இடம்பெறுகிறது. அதைத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்கிறோம் என்று எவரேனும் மிரட்டினால், அப்படியொரு கைது நம் சட்டத்திலேயே இல்லை. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

மக்கள் விழிப்புடன் இருந்தால் மட்டும் போதாது. அரசுக்கும் கடமை உண்டு. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் அன்பளிப்புக்குப் பிரிட்டனில் 39 பவுண்டு வரையும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையும் விலக்கு இருக்கிறது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அளித்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்திய அமெரிக்காகூட, 100 டாலர் வரையிலான அன்பளிப்பை அப்போது விட்டுவைத்தது. வணிகர்கள் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்காக, குடும்பங்களுக்கான கதவையும் சேர்த்து மூடியிருக்கிறோம். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை, ஒரு சிறு வரம்புக்குள், உறவினர் அனுப்பும் பொருளுக்கு விலக்கு தரலாம். ஏற்கெனவே பெறப்படும் அடையாள எண்ணைக் கொண்டே அந்த எண்ணிக்கையைக் கண்காணித்துவிட முடியும்.

அதுவரை குறைந்தபட்சம், மதிப்பு எவ்வளவு, எந்த வரி எத்தனை சதவீதம், சேவைக் கட்டணம் எவ்வளவு என்று தமிழிலும் அச்சிட்ட கணக்குச் சீட்டு ஒவ்வொரு பார்சலிலும் இருக்க வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொள்வோர் மூட்டைகளின் மீது சோழனின் புலி முத்திரையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வரி வாங்கியது அரசுதான் என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி. பார்த்த எவருக்கும் அது விளங்கும். இன்று நம் வாசலுக்கு வரும் பொட்டலத்தின் மீதான வரியும் அத்தனை வெளிப்படையாக இருந்தால், 49 ரூபாய் தூண்டிலில் என்னைப் போன்றவர்கள் சிக்க மாட்டார்கள்.