தாது இறங்கிய 14 மாடிகள்

அலாஸ்காவின் கென்னிகாட்டில், பனியாற்றுக்கு மேலே மலைச்சரிவை ஒட்டி நிற்கிறது 14 மாடி மரக் கட்டடம். சிவப்புச் சுவர்கள், வெள்ளை ஓரங்கள். செம்புத் தாதுவைப் பிரித்தெடுத்த ஆலை இது.

மலைமேல் சுரங்கங்களிலிருந்து கம்பிவடத் தொட்டிகளில் உச்சி மாடிக்கு வந்த தாது, தன் எடையாலேயே மாடி மாடியாக இறங்கியது. வழியில் நொறுக்கினார்கள், சலித்தார்கள், நீரில் அலசிக் கல்லைக் கழித்தார்கள். எஞ்சிய சுண்ணாம்புக்கல்லில் சிக்கிய செம்பைப் பிரிக்க அமிலம் உதவாது. சுண்ணாம்பே அமிலத்தைத் தின்றுவிடும். அதனால் அம்மோனியாவைக் கொண்டு கரைத்தெடுத்தார்கள்.

1938இல் சுரங்கம் மூடப்பட்டது. இயந்திரங்கள் பல இடம் மாறாமல் இருப்பதால், தாது பிரிக்கப்பட்ட வரிசையை அப்படியே பார்க்கலாம். ஆலையின் பெருமதிப்பு அதில்தான். 1986இல் இவ்விடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1998இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை வாங்கியது. இன்று வழிகாட்டியோடு உள்ளே செல்லலாம்.