பாட்டி சேலையில் பத்தரை இன்ச் போதும்: ஏழு பேர் சேர்ந்து ஒரு க்வில்ட் தைப்பது எப்படி?

சங்கரன்கோவில் பக்கம் உங்க வீடு என்றால் பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்து பாருங்க. உள்ளூர்த் தறியில் நெய்த காட்டன் சேலை ஒன்றாவது இருக்கும். அம்மா கட்டுவதில்லை. பாட்டி இப்போது இல்லை. தூக்கிப் போடவும் மனசு வராது, கட்டவும் ஆள் கிடையாது.

இந்தச் சேலையை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பலரும் 'க்வில்ட்' என்று பதில் சொல்கிறார்கள். ரீல்ஸில் பார்த்து ஆசைப்பட்டுக் கத்தரியைக் கையில் எடுக்கும்போதே பயமும் வந்துவிடும். வெட்டியது வெட்டியதுதானே, தப்பாகப் போய்விட்டால்? அந்தப் பயம் நியாயமானது. அதனால் முதலில் கணக்கு, அப்புறம் கத்தரி.

க்வில்ட் என்றால் என்ன?

மூன்று அடுக்குத் துணி. மேலே சிறு துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் மெல்லிய பஞ்சுப் படலம் அல்லது இன்னொரு துணி, அடியில் ஒரே துணியாக முதுகுப் பக்கம். மூன்றும் நகராமல் இருக்க, எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் தையல். இந்தக் கடைசித் தையலுக்குத்தான் 'க்வில்டிங்' என்று பெயர். துண்டுகளை இணைப்பது மட்டும் 'பேட்ச்வொர்க்'.

நடுவில் வைக்கும் பஞ்சுப் படலத்தைக் கடையில் 'பேட்டிங்' என்பார்கள். கிரிக்கெட் இல்லை! ஆனால் நம்ம ஊர் வெயிலுக்குத் தடிமனான பேட்டிங் தேவையே இல்லை. நன்றாகத் துவைத்துப் பழகிய ஒரு காட்டன் சேலையை நடுவில் விரித்தால் போதும். எடை குறையும், சீக்கிரம் காயும், ஊசியும் எளிதாக இறங்கும்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரமா?

பெயர்தான் வெளிநாடு. தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீங்க. வெட்டிய வண்ணத் துணிகளை இன்னொரு துணி மேல் வைத்துத் தைக்கும் வேலை அது. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் இந்தத் தொழிலுக்கு நீண்ட மரபு உண்டு. வங்காளத்தின் 'காந்தா' பழைய சேலைகளை அடுக்கி நேர்த்தையல் ஓட்டுவது. அந்தப் பெயரும் நாம் சொல்லும் 'கந்தை'யும் ஒரே வேரில் வந்தவை.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'க்கு அளவெடுத்து வெட்டும் வேலையே இல்லை. ஓரத்தில் ஆரம்பித்து, கையில் கிடைத்த துண்டுகளை வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துணியை வைத்துத் தைக்காவிட்டால் வேலை முடிந்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது. இன்ச் டேப்பைக் கண்டாலே அலர்ஜி என்பவர்கள் இந்த வழியில் ஆரம்பிக்கலாம்.

பொழுதுபோக்காகத் தைப்பவர்களும் நம்மிடம் குறைவில்லை. 2019 ஜனவரியில் சென்னையில் 'இந்தியா க்வில்ட் ஃபெஸ்டிவல்' என்று தனி விழாவே நடந்தது.

எவ்வளவு துணி வேண்டும்?

இங்கேதான் நல்ல செய்தி. 36 இன்ச் அகலம், 42 இன்ச் நீளத்தில் ஒரு சின்ன க்வில்ட் என்று வைத்துக்கொள்வோம். மடியில் போட்டுக்கொள்ள, குழந்தையைத் தரையில் விட்டு விளையாட வைக்க இந்த அளவு சரியாக இருக்கும்.

தைத்து முடித்த பிறகு 6 இன்ச் வரும் கட்டங்கள் 42 தேவை. குறுக்கே 6, நெடுக்கே 7. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்றரை இன்ச் சதுரம் நான்கு. மொத்தம் 168 சதுரங்கள். ஏழு பேர் என்றால் தலா 24 சதுரம்.

சேலையின் அகலத்தில் கரையை விட்டுவிட்டால் ஒரு வரிசைக்கு 11 சதுரம் கிடைக்கும். மூன்று வரிசை வெட்டினால் 33. அதாவது ஐந்தரை மீட்டர் சேலையில் நீங்கள் இழப்பது வெறும் பத்தரை இன்ச்! அதையும் முந்தானையில் வெட்டாதீங்க. இடுப்பில் செருகும் உள் முனையில் வெட்டுங்க. ஃபால்ஸ் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பிரித்துவிட்டு, வெட்டிய ஓரத்தை மடித்து அடித்தால் சேலையை அப்புறமும் கட்டலாம். முந்தானை, கரை, உடல் எல்லாம் அப்படியே இருக்கும்.

வெட்டும் முன் என்ன பார்க்கணும்?

ஒன்று, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. நூல் தேய்ந்து சல்லடையாகத் தெரியும் இடத்தை விட்டுவிடுங்க. இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கும்போது கிழிந்தால் அந்தத் துணி க்வில்ட்டுக்கு ஆகாது.

இரண்டு, சாயம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்க. சாயம் ஒட்டினால் தனியாக அலசி, மறுபடி தேய்த்துப் பாருங்க. எத்தனை தடவை அலசினாலும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஒதுக்கிவிடுங்க. ஒருத்தர் கொண்டுவரும் சிவப்பு, மற்ற ஆறு பேரின் சேலையையும் கெடுத்துவிடும். புதுத் துணி சேர்ப்பதாக இருந்தாலும் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வெட்டணும். காட்டன் சுருங்கும்.

மூன்று, பாவு நூலும் ஊடை நூலும் போகும் திசையிலேயே சதுரத்தை வெட்டணும். தறி ஓடும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். கோணலாக வெட்டினால் துண்டு இழுபட்டு, சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

கால் இன்ச்சில் என்ன அவ்வளவு விசேஷம்?

க்வில்ட் தைப்பவர்கள் தையலுக்கு வெளியே விடும் துணி கால் இன்ச்தான். மூன்றரையும் மூன்றரையும் ஏழு. இணைக்கும்போது இரண்டு பக்கமும் கால் கால் போய் ஆறரை. கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது இன்னொரு அரை போய், முடிவில் 6 இன்ச்.

இப்போது ஒருவர் கால் இன்ச்சுக்குப் பதில் அரைக்கால் கூடுதலாக உள்ளே தைக்கிறார் என்று வைப்போம். அவர் கட்டம் ஆறேகால்தான் வரும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஏழு கட்டத்தை வரிசையாக வைத்துப் பாருங்க. அவர் வரிசை மற்றவர் வரிசையைவிட ஒன்றே முக்கால் இன்ச் குட்டை! இழுத்துத் தைத்தால் சுருங்கும், விட்டுத் தைத்தால் மூலைகள் சேராது.

சுவாரசியம் என்னவென்றால், இதில் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள்தான். பிறகு பிரித்து விட வசதியாக ஜாக்கெட்டில் உள்ளே துணி விட்டே அவர்கள் கைக்குப் பழக்கம். க்வில்ட்டில் பிரித்து விடும் வேலையே கிடையாது.

தீர்வு எளிது. ஊசியில் இருந்து சரியாகக் கால் இன்ச் தள்ளி மிஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டுங்க. துணியின் ஓரம் அதை உரசியே போகட்டும். தைத்ததும் இரண்டு மடிப்பையும் அடர்நிறத் துணிப் பக்கம் தள்ளித் தேய்க்கணும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்க.

சேர்ந்து செய்வதற்கு என்ன விதி?

துணி இன்ச் டேப் நாளாக நாளாக இழுபடும். ஏழு வீட்டில் ஏழு டேப் என்றால் ஏழு அளவு. அதனால் எல்லாச் சேலையையும் ஒருவரே, ஒரே அச்சை வைத்து வெட்டட்டும். தடித்த அட்டை அல்லது பழைய எக்ஸ்ரே ஷீட்டில் மூன்றரை இன்ச் சதுரம் ஒன்று வெட்டி வைத்தால் அதுதான் அச்சு.

அப்புறம் ஆளுக்கு ஆறு கட்டம். ஆனால் முதல் வாரம் ஒரே ஒரு கட்டம் தைத்துக் கொண்டுவரணும். அளந்து ஆறரை இருந்தால் மீதி ஐந்தையும் தைக்கலாம். இல்லையென்றால் பிரித்துத் தைக்கணும். ஒன்றைப் பிரிப்பது அரை மணி நேர வேலை. ஆறையும் பிரிக்கச் சொன்னால் குழுவே பிரிந்துவிடும். சொல்லும்போதும் அளவைச் சொல்லுங்க, ஆளைச் சொல்லாதீங்க. 'அத்தை, கால் இன்ச் குறையுது' என்பது வேறு, 'உங்களுக்குத் தைக்கத் தெரியல' என்பது வேறு.

அளவு பொதுவாக இருந்தால் எவ்வளவு பெரிய வேலையும் சேரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவு க்வில்ட். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. இறந்தவரின் சட்டை, கடிதம், பொம்மை என்று உள்ளே எதை வைத்துத் தைப்பது என்பதை அவரவர் அன்பு முடிவு செய்தது. ஓரத்தின் அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

நம்ம பக்கத்தில் க்ரோஷே பின்னலில் இது நடந்திருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று 'மதர் இந்தியாஸ் க்ரோஷே க்வீன்ஸ்' குழுவினர் சென்னையில் விரித்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை. பலர் பின்னிய துண்டுகள் அன்று ஒரே போர்வையாகச் சேர்ந்தன.

முடித்த பிறகு யாருக்கு?

நிறைய குழுக்கள் உடைவது தையலில் இல்லை, இந்தக் கேள்வியில்தான். ஏழு பேர் தைத்தது, க்வில்ட் ஒன்று. யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகுமா, முறை வைத்து ஏழு க்வில்ட் தைப்பதா, பிறக்கப் போகும் குழந்தைக்கா, இல்லத்துக்குக் கொடுப்பதா? சேலையை வெட்டும் முன்பே பேசி முடிங்க. சேலை உங்க பாட்டியுடையது என்றால் அம்மா, பெரியம்மா, சித்தி எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேளுங்க. உங்களுக்குத் துணியாகத் தெரிவது அவர்களுக்கு அவங்க அம்மா. முழுச் சேலையையும் விரித்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு வெட்டுங்க.

குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது மேலே க்வில்ட் போர்த்தக் கூடாது. முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. முழித்திருக்கும்போது, ஆள் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் விரித்து விளையாட விடலாம்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. முதுகுப் பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணி வைத்து, தைத்த ஏழு பேரின் பெயர், வருஷம், யார் யாருடைய சேலை என்பதை அழியாத மையில் எழுதித் தைச்சிடுங்க. முப்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பேத்தி அதை எடுத்து விரிக்கும்போது, இந்த நீலக் கட்டம் யாருடையது என்று கேட்பாள். பதில் சொல்ல அப்போது நாம் பக்கத்தில் இருப்போமோ என்னவோ, அந்த மூலைத் துணி இருக்கும்.