சயனைட் மேட்டை மூடப் பணம் யார் தருவது?

கோலார் தங்கவயல்:

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தங்கவயலில் பறப்பது சயனைட் மண். காற்றுக் காலம் வந்தால் லைன் வீடுகளில் ஜன்னலை அடைப்பார்கள். தண்ணீர்க் குடத்துக்கு மூடி தேடுவார்கள். அப்படியும் புழுதி உள்ளே வந்து படிந்து விடும்.

மிஞ்சிய மண்

1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கு கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளில் இருந்து தமிழர்கள் பிழைக்க வந்தார்கள். 3 கிலோ மீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தார்கள். பாறையை அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் வெளியே போயிற்று. மண் இங்கேயே தங்கி விட்டது.

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியவை 13 மேடுகள். பரப்பு 1,003 ஏக்கர். மண்ணின் எடை சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்.

மேட்டின் மேல் நல்ல மண் பரப்பி, புல்லும் மரமும் வளர்த்தால் புழுதி அடங்கும். அடிவாரத்தில் தடுப்புச் சுவரும் வடிகாலும் வேண்டும். வருடக் கணக்கில் பராமரிக்கவும் வேண்டும். இதற்குப் பணம் யார் தருவது?

இரண்டு நாட்டுச் சட்டம்

அமெரிக்காவில் நிலத்தையும் நீரையும் காக்க 1964-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் அரசுக்குக் கட்டும் தொகையில் இருந்து அதற்குப் பணம் போகிறது. ஆண்டுக்கு 90 கோடி டாலர் கட்டாயம் தர வேண்டும் என்று 2020-ல் சட்டம் செய்தார்கள்.

நம் நாட்டில் 2015-ல் மாவட்ட கனிம அறக்கட்டளை வந்தது. சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டியோடு ஒரு பங்கை இதற்கும் கட்ட வேண்டும். பெரிய கனிமங்களுக்குப் பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம். புதிய ஏலக் குத்தகை என்றால் 10 சதவீதம். குடிநீர், சுற்றுச்சூழல், சுகாதாரம் போன்ற இனங்களுக்கு 70 சதவீதமாவது செலவிட வேண்டும் என்பது 2024-ம் ஆண்டு விதி.

ஆனால் தங்கவயல் சுரங்கம் மூடி 14 ஆண்டு கழித்துத்தான் இந்தச் சட்டமே பிறந்தது. 120 ஆண்டு எடுத்த தங்கத்துக்காக இந்த நிதியில் ஒரு பைசாவும் சேரவில்லை.

இப்போது கேட்க வேண்டியது

2024 ஜூன் மாதம், இந்த 13 மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு கர்நாடக மந்திரிசபை சம்மதம் தந்தது. குத்தகை நடந்தால் அறக்கட்டளைக்கு உரிய பங்கும் வர வேண்டும். அந்தப் பணம் மாவட்டம் முழுவதற்குமான பொதுப் பெட்டிக்குப் போகும். கேட்காத ஊருக்கு அதில் பங்கு வந்து சேராது.

மேட்டைக் கிளறினால் புழுதி கூடும். தங்கம் எடுத்த பிறகும் மண் மண்ணாகவே கிடக்கும்.

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறவர்கள், "உள்ளூரில் வேலை வருமா?" என்று கேட்பது நியாயமே. "மண்ணை மூட எவ்வளவு ஒதுக்குவீர்கள்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து விழும் முன்பே கேட்க வேண்டும்.